ட்ரோஹோபிச்: உப்பா, எண்ணெயா, ஷுல்ட்ஸா?

கல்வெட்டு எழுதியது:

உக்ரைன் என்றால் நம் ஆட்களுக்குக் கீவ், செர்னோபில், இப்போது போர். அதற்குமேல் ஓர் ஊர்ப்பெயர் தெரிந்தால் அது அங்கே மருத்துவம் படிக்கப்போன பிள்ளைகளின் புண்ணியம். இந்த இழையில் ட்ரோஹோபிச் என்ற சின்ன ஊரைப் பற்றிப் பேசலாம் என்று ஆசை. மேற்கு உக்ரைனில், லிவீவுக்குத் தெற்கே, கார்ப்பேத்திய மலையடிவாரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை முக்கால் லட்சத்தை ஒட்டி.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் புரூனோ ஷுல்ட்ஸில் தொடங்கி ஷுல்ட்ஸிலேயே முடித்துவிடுகிறார்கள். பெரிய எழுத்தாளர், சந்தேகமில்லை. ஆனால் ஊரின் முதுகெலும்பு உப்பு. ஊர்ச் சின்னத்தைப் பாருங்கள்: சிங்கமோ கழுகோ கிடையாது, ஒன்பது உப்புக் கட்டிகள். அந்தக் காலத்தில் உப்பைக் கூம்பு போல அச்சில் அழுத்திச் சுட்டு விற்பார்கள். அதைத்தான் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

மண்ணுக்கடியில் உப்புப் பாறை. அதில் ஊறிய நீர் கிணற்றில் கரிப்பாகக் கிடைக்கும். அதை இறைத்துக் காய்ச்சினால் உப்பு. இந்த ஒரு தொழிலை வைத்தே ஊர் வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்து ஆவணங்களில் ஊர்ப்பெயர் வருகிறது. 1392இல் போலந்து அரசர் யாகைலோ இங்கே பர்த்தலோமேயு தேவாலயத்தைத் தொடங்கிவைக்கிறார். வருமானம் இல்லாத ஊரில் அரசர் கல் தேவாலயம் கட்டமாட்டார். உப்பாலை 1250ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் உக்ரைனில் விடாமல் ஓடிவரும் மிகப் பழைய தொழிற்கூடங்களில் முதல் வரிசையில் அது நிற்கிறது.

1772இல் போலந்து பங்கு போடப்பட்டபோது ஊர் ஆஸ்திரியாவிடம் போனது. 1918இல் ஆஸ்திரியா உடைந்ததும் சில மாதம் மேற்கு உக்ரைன் மக்கள் குடியரசு, 1919இலிருந்து போலந்து, 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மானியர், 1944இல் மறுபடி சோவியத், 1991இலிருந்து உக்ரைன். ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் ஆலையின் பெயர்ப்பலகை மாறியிருக்கும். கிணறு மாறவில்லை.

---

நெல்லைக்காரன் எழுதியது:

அருமை சார். ஒரு சந்தேகம். ஏன் காய்ச்சுகிறார்கள்? பாத்தி கட்டி வெயிலில் விட்டால் போதாதா? விறகுச் செலவு மிச்சமாகுமே.

---

கல்வெட்டு எழுதியது:

வெயில் இருந்தால்தானே தம்பி. மலையடிவாரம், வருடம் முழுக்க மழையோ பனியோ ஏதாவது ஒன்று. பாத்தி கட்டினால் உப்பு விளையாது, குளம்தான் நிரம்பும். இன்னொன்று, கிணற்று நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்புச் செறிவு உள்ளது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு இருக்கும். உப்புப் பாறையில் ஊறி நிறைந்துபோன நீரில் 300 கிராமைத் தொடும். அதனால் காய்ச்சுவது கட்டுப்படியாகும். அகலமான தட்டையான இரும்புத் தொட்டியில் ஊற்றி, அடியில் விறகை எரிப்பார்கள். நீர் சுண்டச்சுண்ட உப்பு அடியில் படியும். அதை வாரியால் இழுத்து ஓரத்தில் குவித்து, நீர் வடியவிட்டுக் காயவைப்பார்கள்.

விறகுக்குக் காடு பக்கத்திலேயே இருந்தது. உப்பும் காடும் சேர்ந்து கிடைத்த இடத்தில்தான் இந்தத் தொழில் நின்றது. ட்ரோஹோபிச் மட்டுமில்லை, ஸ்டெப்னிக், டோலினா, காலுஷ், போலெகிவ் என்று மலையடிவாரம் நெடுக உப்பு ஊர்கள். சுமாக்குகள் என்று ஒரு வணிகக் கூட்டம், மாட்டுவண்டி வரிசையில் உப்பையும் மீனையும் உக்ரைன் முழுக்கக் கொண்டுபோய் விற்றது.

---

தேன்கூடு எழுதியது:

நான் இவானோ ஃப்ராங்கிவ்ஸ்கில் படித்தவள், போருக்கு முன்பே முடித்துவிட்டேன். விடுமுறையில் நாங்கள் ட்ருஸ்காவெட்ஸுக்குப் போவோம். அது கனிமநீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். நாஃப்டுசியா என்ற அந்தத் தண்ணீர் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும், சிறுநீரகத்துக்கு நல்லது என்று பாட்டிமார் வரிசையில் நின்று குடிப்பார்கள். அங்கிருந்து ட்ரோஹோபிச் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, குட்டிப் பேருந்தில் ஏறினால் உட்கார்ந்து முடிப்பதற்குள் வந்துவிடும்.

உப்பாலையை வெளியிலிருந்து பார்த்தால் மூடிப்போன கொட்டகை என்றுதான் நினைப்பீர்கள். சுவரெல்லாம் வெள்ளை பூத்து, மரமெல்லாம் நரைத்து இருக்கும். உள்ளே ஆவி. கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். வெளியே வரும்போது உதட்டை நக்கினால் கரிக்கும். அந்த உப்பு கொஞ்சம் ஈரப்பதமாக இருக்கும், ஊறுகாய்க்கு அதுதான் வேண்டும் என்று என் விடுதிக்கார அம்மா அடம்பிடிப்பார். முட்டைக்கோஸ் ஊறப்போட வேறு உப்பைத் தொடவே மாட்டார்.

ஆனால் கல்வெட்டு சார் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே புனித ஜார்ஜ் மரத் தேவாலயம். முழுக்க மரம், மூன்று குவிமாடம், பக்கத்தில் மணிக்கூண்டும் மரம். 2013இல் யுனெஸ்கோ கார்ப்பேத்திய மரத் தேவாலயங்கள் பதினாறைப் பட்டியலில் சேர்த்தது, போலந்தில் எட்டு, உக்ரைனில் எட்டு. அந்த எட்டில் இதுவும் ஒன்று. கேட்க வேடிக்கையாக இருக்கும், இந்தத் தேவாலயம் இந்த ஊரில் கட்டியதே இல்லை. நாதியீவ் என்ற கிராமத்தில் இருந்தது. 1650களில் ட்ரோஹோபிச்காரர்கள் உப்பைக் கொடுத்து வாங்கி, பிரித்து, கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டினார்கள். உள்ளே சுவர் முழுக்க 17ஆம் நூற்றாண்டு ஓவியம். நிறம் மங்கியிருக்கிறது, ஆனால் இடைவெளி விடாமல் மேலே குவிமாடம் வரை தீட்டியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

---

கல்வெட்டு எழுதியது:

விடவில்லை அம்மா, யாராவது நேரில் பார்த்தவர் சொல்லட்டும் என்று வைத்திருந்தேன். என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோவிலையே உப்புக்கு வாங்கிய ஊர்!

---

ரயில்பூச்சி எழுதியது:

உப்பு உப்பு என்று உருகுகிறீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பாதியில் உப்பு வெறும் அரசாங்க ஏகபோகச் சரக்கு. ஆஸ்திரிய அரசு விலை வைக்கும், அரசே விற்கும், ஊருக்கு மிஞ்சுவது கூலி. ட்ரோஹோபிச்சை இன்று நாம் பார்க்கும் ஊராக்கியது எண்ணெய்.

பத்துக் கிலோமீட்டர் தள்ளி போரிஸ்லாவ். 1853இல் லிவீவ் மருந்துக்கடையில் லுகாசியேவிச், யான் செஹ் இருவரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். அதே வருடம் ஜூலை 31 இரவு லிவீவ் மருத்துவமனையில் அந்த விளக்கு வெளிச்சத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறம் போரிஸ்லாவில் குழி தோண்டாத ஆள் இல்லை. முதலில் கையால் தோண்டிய குழிகள். எண்ணெய் மட்டுமில்லை, மண்மெழுகும் வரும். மெழுகுவர்த்திக்கும் கம்பிகளுக்கு மேல் பூசுவதற்கும் அதற்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. குழிக்குள் இறங்கியவன் விஷவாயுவில் மயங்கினால் மேலே இழுப்பதற்குள் முடிந்துவிடும்.

1872 கடைசி நாளில் ட்ரோஹோபிச்–போரிஸ்லாவ் ரயில் ஓடத் தொடங்கியது. (என் பெயருக்கேற்ற தகவல், விடுவேனா?) 1909இல் இந்த ஊர் அடங்கிய ஆஸ்திரிய மாகாணமான கலீசியா முழுவதும் எடுத்த எண்ணெய் 20 லட்சம் டன்னுக்கு மேல், உலக உற்பத்தியில் சுமார் 5 சதவீதம். அதில் பெரும்பங்கு இந்தப் போரிஸ்லாவ் வட்டாரம். அழுக்கும் குழியும் அங்கே. வங்கி, வக்கீல், மாளிகை, சுத்திகரிப்பு ஆலை எல்லாம் இங்கே. ட்ரோஹோபிச்சில் இன்றும் தெருத்தெருவாக நிற்கும் அந்த வேலைப்பாடு மிகுந்த வீடுகள் உப்புக் காசில் கட்டியவை இல்லை, எண்ணெய்க் காசு.

இவான் ஃப்ராங்கோவை மறந்துவிட்டீர்கள். உக்ரைனின் பெருங்கவிஞர், 1856இல் பக்கத்துக் கிராமமான நாஹுயேவிச்சியில் ஒரு கொல்லர் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் பெரும்பகுதி ட்ரோஹோபிச்சில். அவர் கதை எழுத எடுத்தது போரிஸ்லாவ் குழித் தொழிலாளியை, உப்புக் காய்ச்சுகிறவனை இல்லை. எந்தத் தொழில் மனிதனை எப்படி மாற்றியது என்று அவருக்குத் தெரியும்.

---

பழையசோறு எழுதியது:

எண்ணெய்க் காசு எப்படி வாக்குப்பெட்டி வரை வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1911 ஜூனில் வியன்னா நாடாளுமன்றத் தேர்தல். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கையில் வாக்குச்சாவடி. தில்லுமுல்லு என்று மக்கள் திரண்டார்கள், ராணுவம் சுட்டது, இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் வாக்களிக்க வந்தவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆஸ்திரிய ஆட்சியை ஏதோ பொற்காலம் போல எழுதும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

---

நிழற்குடை எழுதியது:

மூன்று பக்கம் பேசியும் யூதர்கள் என்ற சொல் வரவில்லை, கவனித்தீர்களா?

அந்தக் காலத்தில் ட்ரோஹோபிச்சை ‘ஒன்றரை ஊர்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாதி உக்ரைனியர், பாதி போலந்துக்காரர், பாதி யூதர். கணக்கு இடித்தாலும் ஊர் அப்படித்தான் இருந்தது. போருக்கு முன் சுமார் 35 ஆயிரம் பேரில் 15 ஆயிரத்துக்குக் குறையாமல் யூதர்கள். எண்ணெய் ஆலை முதலாளியும் யூதர், குழியில் இறங்கிய கூலியும் யூதர். ஓவியர் மௌரிட்ஸி கோட்லீப் 1856இல் இங்கே பிறந்தார், 23 வயதில் செத்துப்போனார், அதற்குள் போலந்து–யூத ஓவியத்தில் நிலையான இடம் பிடித்துவிட்டார். எஃப்ராயிம் மோசஸ் லிலியனும் இந்த ஊர்தான். 1865இல் கட்டி முடித்த பெரிய தொழுகைக்கூடம் அந்த வட்டாரத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சோவியத் காலத்தில் அது அறைகலன் கடை! பாழடைந்து கிடந்ததை எடுத்துச் சீரமைத்து 2018இல் திறந்தார்கள்.

ஷுல்ட்ஸ் 1892 ஜூலை 12இல் பிறந்தவர். அப்பாவுக்குச் சந்தைச் சதுக்கத்தில் துணிக்கடை. இவர் உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார், மரவேலை வகுப்பு எடுத்துக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து எழுதினார். இரண்டே கதைத் தொகுதிகள். அந்தக் கடையும் தெருவும் அப்பாவும்தான் அதில் முழுக்க. வார்சாவில் பெயர் வாங்கியபிறகும் ஊரை விட்டு நிரந்தரமாகப் போகவில்லை.

1941இல் ஜெர்மானியர் வந்தார்கள். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவில் ஃபெலிக்ஸ் லாண்டாவ் என்று ஒருவன், ஷுல்ட்ஸின் ஓவியத் திறமைக்காக அவரைத் தன் ‘பாதுகாப்பில்’ வைத்துக்கொண்டான். பதிலுக்குத் தன் பிள்ளையின் அறைச் சுவரில் தேவதைக் கதைப் படங்கள் வரையவைத்தான். 1942 நவம்பர் 19, வியாழக்கிழமை, வீதியில் கண்டவர்களை எல்லாம் சுட்ட நாள். கார்ல் குந்தர் என்ற இன்னொரு கெஸ்டபோக்காரன் ஷுல்ட்ஸைத் தலையில் சுட்டான். லாண்டாவுக்கும் அவனுக்கும் இருந்த பகை அதன் பின்னணி. ஊர் யூதர்களில் பெரும்பகுதி பெல்ஷெட்ஸ் முகாமிலும் பக்கத்துப் ப்ரோனிட்சா காட்டிலும் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது மிஞ்சியவர்கள் சில நூறு பேர்.

இதற்கு முன்னால் உப்பும் எண்ணெயும் என்ன?

---

பழையசோறு எழுதியது:

நிழற்குடை, உங்கள் பதிவோடு ஒன்று சேர்க்கிறேன். ஜெர்மானியர் வருவதற்குச் சில நாள் முன், 1941 ஜூனில், பின்வாங்கிய சோவியத் ரகசியப் போலீஸ் ஊர்ச் சிறையில் இருந்த கைதிகளைக் கொன்றுவிட்டுப் போனது. ஜெர்மானியர் வந்ததும் அந்தப் பழியை யூதர்கள் தலையில் போட்டு வெறியாட்டம் நடத்தினார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் கதை பாதிதான்.

---

நெல்லைக்காரன் எழுதியது:

அந்தச் சுவர்ப்படங்கள் இப்போது இருக்கின்றனவா? போய்ப் பார்க்க முடியுமா?

---

நிழற்குடை எழுதியது:

இருக்கின்றன, இரண்டு நாடுகளில். 2001 பிப்ரவரியில் பெஞ்சமின் கைஸ்லர் என்ற ஜெர்மன் ஆவணப்பட இயக்குநர் அந்த வீட்டைத் தேடிப் போனார். பிள்ளையின் அறை அப்போது சாமான் அறையாகிவிட்டிருந்தது, ஒரு வயதான தம்பதியின் வீடு. சுவரில் பூசிய வண்ணத்துக்கு அடியில் மங்கலாகப் படங்கள். அரசி, குள்ளர்கள், குதிரைவண்டி. வண்டியோட்டியின் முகத்தில் ஷுல்ட்ஸ் தன்னையே வரைந்திருக்கிறார் என்கிறார்கள். யூதன் வண்டியேற முடியாத காலத்தில் கடிவாளத்தைத் தன் கையில் கொடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, அந்த மே மாதம், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகத்திலிருந்து ஆட்கள் வந்து, நல்ல பகுதிகளைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! உக்ரைனிலும் போலந்திலும் பெரிய கூச்சல். மிஞ்சிய துண்டுகள் ட்ரோஹோபிச் அருங்காட்சியகத்தில்.

---

ரயில்பூச்சி எழுதியது:

இது பச்சையாகத் திருட்டு. வேறொரு நாட்டிலிருந்து ஒரு பொருளை இப்படி எடுத்தால் என்ன பெயர்? அந்த மனிதர் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே எழுதி அங்கேயே செத்தார். அவர் கடைசியாக வரைந்ததை அங்கிருந்து பிய்த்துக்கொண்டு போவது என்ன நியாயம்?

---

நிழற்குடை எழுதியது:

அறுபது வருடம் அந்தச் சுவரைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை. அவர் எந்த அடையாளத்துக்காகக் கொல்லப்பட்டாரோ, அதாவது யூதன் என்பதற்காகவே, அந்தக் கூட்டத்தின் நினைவகம் அதைக் கேட்பதில் என்ன தவறு? அந்த ஊரில் இன்று யூதக் கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேர் தேறுவதே கஷ்டம்.

ஆனால் எடுத்த விதம் தப்பு. அதில் எனக்கு மறுப்பில்லை.

---

தேன்கூடு எழுதியது:

இரண்டு பேரும் விட்ட ஒன்று. 2008இல் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். படங்கள் உக்ரைனின் சொத்து, யாத் வஷேமுக்கு 20 வருடக் கடன் என்று. அதாவது 2028. நீங்கள் இங்கே அடித்துக்கொள்வதை அரசாங்கங்கள் காகிதத்தில் ஒத்திவைத்திருக்கின்றன.

ட்ரோஹோபிச்சில் மிஞ்சியதை நான் பார்த்தேன். சின்னச் சின்னத் துண்டுகள். ஓரங்கள் பிய்ந்திருக்கும், சுவரின் காரை தெரியும். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ரயில்பூச்சி அண்ணா பக்கம்தான் நான். இன்னொரு பக்கம், 2004லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஊர்க்காரர்களே ஷுல்ட்ஸ் பெயரில் விழா நடத்துகிறார்கள், உக்ரைனியரும் போலந்துக்காரரும் சேர்ந்து. அக்கறை இல்லை என்று சொல்வது பழைய கதை.

---

மாடிவீட்டு மணி எழுதியது:

எல்லோரும் யூரி ட்ரோஹோபிச்சை விட்டுவிட்டீர்களே! கோபர்னிகஸின் குரு! பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு விதை போட்டதே இந்த உப்பூர்க்காரர்தான்.

---

கல்வெட்டு எழுதியது:

மணி, கொஞ்சம் மெதுவாக. ஆள் உண்மையிலேயே பெரிய ஆள். 1450 வாக்கில் இங்கே பிறந்து, கிராக்கோவில் படித்து, இத்தாலி போய், 1481–82இல் போலோன்யா பல்கலைக்கழகத்துக்கு ரெக்டராகவே இருந்தார். 1483இல் ரோமில் அவர் எழுதிய வருடபலன் நூல் அச்சாயிற்று. உக்ரைன் மண்ணில் பிறந்த ஒருவர் எழுதி அச்சேறிய முதல் புத்தகம் அது. கிரகணம், கோள்நிலை, எந்த நாட்டுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் பஞ்சாங்க பாணியில் போகும். கூடவே ஊர்களின் தீர்க்கரேகையும் கணித்துக் கொடுத்திருக்கிறார்.

பிறகு கிராக்கோ திரும்பிப் பாடம் நடத்தினார், 1494இல் இறந்தார். கோபர்னிகஸ் அங்கே சேர்ந்தது 1491. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கையில் உள்ள சாட்சி. அதை வைத்து குரு–சிஷ்யன் என்று மாலை போடவேண்டியதில்லை. அதில்லாமலேயே அவருக்குப் பெருமை போதும்.

---

மாடிவீட்டு மணி எழுதியது:

ஒரே கல்லூரி, ஒரே வருடம், அவர் வாத்தியார், இவர் மாணவர். வேறென்ன சார் வேண்டும், வருகைப்பதிவேடா? 🙂

---

பழையசோறு எழுதியது:

உப்புக் கட்சிக்கு நானும் ஒரு கல் எடுத்துவைக்கிறேன், ஆனால் உங்களுக்குப் பிடிக்காத கல். ட்ரோஹோபிச்சின் பக்கத்து ஊர் ஸ்டெப்னிக், இன்று அதே நகராட்சிச் சமூகத்தில் சேர்ந்தது. சோவியத் காலத்தில் அங்கே பொட்டாஷ் உர ஆலை. கழிவு உவர்நீரை மண் அணை கட்டித் தேக்கினார்கள். 1983 செப்டம்பர் 15இல் அணை உடைந்தது. சுமார் 45 லட்சம் கன மீட்டர் உவர்நீர் டினீஸ்டர் ஆற்றில் கலந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மீன் செத்து மிதந்தது. ஆற்றை நம்பிய ஒடேசாவுக்குக் குடிநீர் திண்டாட்டம். மாஸ்கோ செய்தியை அமுக்கப் பார்த்தது. செர்னோபிலுக்கு மூன்று வருடம் முந்தியது இது. அங்கேயும் நடந்தது இதே கூத்துதான்.

உப்பு வாழவும் வைத்தது, ஆற்றையும் கொன்றது. முதுகெலும்பு என்று சொல்கிறவர்கள் இதையும் சுமக்க வேண்டும்.

---

கல்வெட்டு எழுதியது:

சுமக்கிறேன். ஆனால் கிணற்று நீரைக் காய்ச்சுவதும் சுரங்கம் வெட்டி உரம் எடுப்பதும் ஒன்றில்லை. முதலாவது எழுநூறு வருடம் ஓடியும் ஊரை மூழ்கடிக்கவில்லை.

இன்னொரு சேதி. 2022இல் போரில் கிழக்கே சோலெடார் உப்புச் சுரங்கம் நின்றது. உக்ரைன் உப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடைகளில் உப்பு காலி, வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். நாடு முழுக்க ஊட்டும் அளவு ட்ரோஹோபிச் ஆலைக்குக் கிடையாது. அது கைத்தொழில் அளவு. இருந்தாலும் நாட்டுக்குள்ளேயே உப்பு எங்கே கிடைக்கும் என்று தேடியபோது இந்தப் பழைய கொட்டகைப் பெயர் மறுபடி அடிபட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையோ போருக்கு முன்பே படுத்துவிட்டது, ரயில்பூச்சி கவனிக்க.

---

ரயில்பூச்சி எழுதியது:

கவனித்தேன். எண்ணெய்க் காசில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் ஊர்க்காரர்கள் உங்கள் உப்பைப் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் நீங்கள் கவனியுங்கள்.

---

நெல்லைக்காரன் எழுதியது:

போர் முடிந்து என்றாவது போக வாய்த்தால், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது? தேன்கூடு அக்கா சொன்னால் தேவலை, மற்றவர்கள் சண்டை போடுவீர்கள்.

---

தேன்கூடு எழுதியது:

லிவீவிலிருந்து காலையில் கிளம்பு தம்பி, ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. முதலில் ஜார்ஜ் தேவாலயம், மதியத்துக்குள் போய்விடு, உள்ளே வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான். அங்கிருந்து நடந்தே உப்பாலை. அப்புறம் சந்தைச் சதுக்கம், நகர மண்டபம், யூரி சிலை. மணி கேட்டதாகச் சொல்லு. தொழுகைக்கூடத்துக்கு உள்ளே போக முடிந்தால் கூரையை நிமிர்ந்து பார். ஷுல்ட்ஸ் சுடப்பட்ட இடத்தில் நடைபாதையில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள், கவனிக்காவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடுவாய். பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக ஓர் அறையும் உண்டு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போ.

பசித்தால் ட்ரோஹோபிச் தொத்திறைச்சி கேள், பூண்டு தூக்கலாக இருக்கும். நேரம் மிஞ்சினால் ட்ருஸ்காவெட்ஸ் போய் அந்த மண்ணெண்ணெய்த் தண்ணீரையும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிடு, ரயில்பூச்சி அண்ணா சந்தோஷப்படுவார்.

---

பழையசோறு எழுதியது:

ஸ்டெப்னிக் அணை பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இங்கே எழுதினால் இழை திசைமாறும், ஞாயிற்றுக்கிழமை தனி இழை தொடங்குகிறேன்.